பழைய ரைஃபிள் ஸ்கோப்பை யாரிடம் காட்டுவது? பெனின்சுலாவில் ஒரு சின்னக் கடை

பழைய ஸ்கோப், பைனாகுலர், கேமரா லென்ஸ் என்று ஏதாவது வீட்டில் கிடக்கிறதா? அது என்ன, எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று தெரிய வேண்டுமா? அப்படியானால் நான் போன இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். சிங்கப்பூர் கோல்மன் ஸ்ட்ரீட்டில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் தெரியும்தானே, சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம், செகண்ட் ஹேண்ட் கேமரா கடைகள் வரிசையாக இருக்குமே, அந்தக் கட்டடத்தில்தான். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுதான் கடை. நடத்துபவர் நம்ம தமிழ் முஸ்லிம் பெரியவர், எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை, உண்மையாகத் தேவைப்படுபவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

நான் கொண்டுபோனது ஒரு பழைய ரைஃபிள் ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி. பெரியப்பா அலெக்ஸாண்ட்ரா பக்கம் பிரிட்டிஷ் ராணுவ ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர், 1971-ல் பிரிட்டிஷ் படை கிளம்பும்வரை அங்கேதான் இருந்தார். அவர் காலமான பிறகு வீட்டை ஒழிக்கும்போது ஸ்டோர் ரூமில் பழைய லுங்கித் துணியில் சுற்றி இது இருந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். கறுப்புப் பூச்சு விளிம்புகளில் தேய்ந்து உள்ளேயிருக்கும் உலோகம் தெரிந்தது, மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு.

கடைக்குப் போகும் முன் நான் செய்த ஒரு வேலையை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். சிங்கப்பூரில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதிலும் சட்டம் மிகக் கடுமை, 2021-ல் நாடாளுமன்றத்தில் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். அதனால் முதலில் போலீஸ் உரிமப் பிரிவுக்குப் படத்தோடு எழுதி, வீட்டில் இப்படி ஒரு பொருள் கிடைத்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னபடி செய்து முடித்த பிறகே நான் வெளியே எடுத்துப் போனேன். பாயும் எடுத்த எடுப்பில் கேட்டது அதைத்தான்: "தம்பி, போலீஸ்ல கேட்டீங்களா? பதிலைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்." அதைப் பார்க்காமல் சாமானைத் தொடவே இல்லை. இந்தக் கடை மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்த இடத்தில்தான்.

இதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஓர் இணைய மதிப்பீட்டுச் சேவை, படம் அனுப்பினால் விலை சொல்வார்கள், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். வந்த பதில் ஒரே பத்தி: 1950-களின் வேட்டை ஸ்கோப், அலங்காரப் பொருளாக 150 அமெரிக்க டாலர். குழாயில் பொறித்திருந்த எழுத்தைப் படமெடுத்துத் தனியாக அனுப்பியிருந்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்தது பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவர். பார்த்ததும் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன் என்றார், நான் யோசித்ததைப் பார்த்து, பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்லவேளை கொடுக்கவில்லை. அந்தப் பாலிஷ் போட்டிருந்தால் பாதி மதிப்பு போயிருக்கும் என்று பாய் பிறகு சொன்னார், ஏனென்றால் வாங்கும் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அசல் பூச்சையும் அசல் எழுத்தையும்தான்.

சரி, பாய் எப்படிப் பார்த்தார் என்று விவரமாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான்.

மேசையில் பச்சைத் துணி விரித்து ஸ்கோப்பை வைத்தார். லென்ஸ் பக்கமே போகவில்லை, முதலில் குழாயின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எழுத்தைத் தேடினார். தேய்ந்துபோன எழுத்து வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து குட்டிக்குரா பவுடர் டப்பாவை எடுத்து, விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, அந்த இடத்தில் மெதுவாகத் தடவி, மேலே ஒட்டியிருந்ததை மெல்லிய துணியால் துடைத்தார். பள்ளத்தில் தங்கிய பவுடர் வெள்ளை எழுத்தாக எழும்பி வந்தது. பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடிக்கிற அம்புக்குறி. டெல். சைட்டிங் நம்பர் 32 மார்க் 2. அடுத்த வரியில் ஓ.எஸ். 1650 ஏ. அதன்பின் ஏ.கே. அண்ட் எஸ்., 1943, ஒரு வரிசை எண். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் உங்கள் சாமானின் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள், அதே எண்ணைப் போலியில் பொறித்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நம்பர் 32 என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கோப். முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கியை மனதில் வைத்து வடிவமைத்தது, பிறகு 1942-லிருந்து லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளின் ஸ்னைப்பர் வகையில், அதாவது தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்த வகையில், பொருத்தினார்கள். உருப்பெருக்கம் மூன்று மடங்குதான். இன்றைக்கு விளையாட்டுத் துப்பாக்கிக்கு விற்கும் ஸ்கோப்பே அதைவிடப் பெரிதாகக் காட்டும், ஆனால் அந்தக் காலத்துக்கு அது போதும். மார்க் 1, 2, 3 என்று வந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல ஓ.எஸ். எண்ணே போதும், மார்க் 1-க்கு 466 ஏ, 2-க்கு 1650 ஏ, 3-க்கு 2039 ஏ. அதோடு நிறுத்தாமல் பாய் திருகுகளைத் திருப்பிக் காட்டினார். மேலே இருக்கும் திருகில் தூரம் 1000 கஜம்வரை பொறித்திருக்கிறது. மார்க் 1-ல் அதைத் திருப்பினால் 50 கஜத்துக்கு ஒரு டிக், பக்கவாட்டுத் திருகும் கொஞ்சம் முரட்டுத்தனம்தான். ராணுவத்தில் அது போதவில்லை என்பதால் மார்க் 2-ல் நுணுக்கமாக்கினார்கள், ஒரு டிக்குக்குக் கோணத்தில் ஒரு நிமிடம், அதாவது 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் நகரும். காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பச் சொன்னார், எண்பது வருஷத்துச் சாமானில் ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாகக் கேட்டது. எழுத்து ஒரு மார்க்கைச் சொல்லி டிக் வேறு மார்க்கைச் சொன்னால், யாரோ உதிரிகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏ.கே. அண்ட் எஸ். யார் என்று அவர் சொன்னபோது முகமே மலர்ந்துவிட்டது. லீட்ஸ் நகரத்து ஏ. கெர்ஷா அண்ட் சன்ஸ். இதே கம்பெனிதான் கேலீ என்ற பெயரில் சினிமா புரொஜெக்டர் செய்தது, கெர்ஷா, ஏ., லீட்ஸ் என்பதைச் சேர்த்து வைத்த பெயர் அது. பாயின் அத்தா ஒரு படக்கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டியவராம், சின்னப் பையனாகத் தாம் பார்த்த முதல் லென்ஸ் அந்த மெஷினுடையதுதான் என்றார். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் சினிமா, கேமரா லென்ஸ் செய்த கம்பெனிகளைத்தான் ராணுவ ஸ்கோப்புக்குத் திருப்பினார்கள், லெஸ்டரில் இருந்த டெய்லர் டெய்லர் அண்ட் ஹாப்சனும் அப்படித்தான். கனடாவில் ரிசர்ச் என்டர்பிரைசஸ் என்ற அரசு நிறுவனம் ஆர்.இ.எல். என்று பொறித்து இதே ஸ்கோப்பைச் செய்தது.

இந்த இடத்தில் எங்கள் குடும்பக் கதை ஒன்று உடைந்தது. இந்த ஸ்கோப் 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது இங்கே நடந்த சண்டையில் இருந்தது என்று பெரியப்பாவின் கூட்டாளிகள் சொல்வார்கள், நாங்களும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம். பாய் 1943 என்ற எண்ணில் விரலை வைத்தார். சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் கையெழுத்து. அதற்கு அடுத்த வருஷம் லீட்ஸில் செய்த சாமான் அந்தச் சண்டையில் இருக்க வழியே இல்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்த பிறகுதான் இங்கே வந்திருக்க வேண்டும். எனக்கு இதில் வருத்தம் இல்லை. பெரியப்பா ஸ்டோர்ஸில் பார்த்த வேலைக்கும் இந்தக் காலக்கணக்குக்கும் நன்றாகவே பொருந்துகிறது. விலைக்கு என்று வரும்போது இந்த மாதிரி வாய்வழிக் கதைகளைக் கணக்கில் சேர்க்க முடியாது, கழிவுச் சாமானாக விற்ற ரசீதோ கடிதமோ இருந்தால் சேர்க்கலாம் என்றும் சொன்னார். அப்படி எங்களிடம் எதுவும் இல்லை.

பிறகுதான் கண்ணாடி. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கச் சொன்னார், கீழேயிருந்து எழும்பும் ஒரு தூண், குறுக்கே ஒரு மெல்லிய கம்பி, இரண்டும் முழுசாக இருந்தன. அப்புறம் மறுமுனையிலிருந்து டார்ச் அடித்தார். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது, பூஞ்சை. நம்ம ஊர் ஈரப்பதத்தில் இது வராத பழைய லென்ஸ் அபூர்வம். கவலைப்பட வேண்டியது பூஞ்சையைவிட ஒட்டுப்பசை, அந்தக் காலத்தில் லென்ஸ்களைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டுவார்கள், அது விட்டுப்போனால் ஓரத்தில் வானவில் மாதிரி வளையம் அல்லது மஞ்சள் திட்டு தெரியும். இதில் அது இல்லை. கழற்றிச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டேன்.

"செய்யலாம் தம்பி, எனக்குக் காசும் வரும். ஆனா இந்த வளையத்துக்குச் சரியான சாவி இல்லாம திருகினா உளி பட்ட மாதிரி காயம் விழும். விக்கிறதுன்னா இப்படியே விடுங்க, வாங்குறவன் அவனுக்குத் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்துக்குவான். வச்சுக்கிறதுன்னா டிரை கேபினட்ல போடுங்க, பூஞ்சை அதுக்கு மேல வளராது."

தன் கைக்கு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்கிற ஆள்.

எண் விஷயத்துக்கு வருகிறேன், விலையில் பெரிய வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. இந்த லீ என்ஃபீல்ட் ரைஃபிள்களைப் பெரும்பாலும் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தில்தான் ஸ்கோப்புக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு ஸ்கோப், ஜோடியாகவே பொருத்திச் சரிபார்ப்பார்கள். ஸ்கோப்பின் எண்ணை ரைஃபிளின் மரக்கட்டையில், கை பிடிக்கும் இடத்தில் அடிப்பார்கள், ரைஃபிளின் எண்ணை ஸ்கோப்பைத் தாங்கும் இரும்புத் தாங்கியில் அடிப்பார்கள். ஒன்றின் ஜாதகம் இன்னொன்றில் இருக்கும். உலகத்தில் எங்கேயோ ஒருவரிடம் இந்த ஸ்கோப் எண் அடித்த ரைஃபிள் ஸ்கோப் இல்லாமல் இருக்கலாம், அவருக்கு இது தங்கம். இதைச் சொல்லிவிட்டு பாய் கேட்டார்: "இதோட வளைஞ்ச இரும்பு ஏதாவது இருந்துச்சா? ரெண்டு வளையம், ரெண்டு பெரிய கைத்திருகு?"

பெரியப்பாவின் மைலோ டின்களும் ஆணிப் பெட்டிகளும் இன்னும் தூக்கிப் போடாமல்தான் இருந்தன. அன்று ராத்திரியே அண்ணனும் நானும் கொட்டித் தேடினோம், பெட்டியின் அடியில் செம்மண் நிறத்தில் துருவோடு அந்தத் தாங்கி கிடந்தது. அதையும் படமெடுத்து மறுபடி போலீஸ் உரிமப் பிரிவில் கேட்டு, பதில் வந்த பிறகே கடைக்குக் கொண்டுபோனேன். துருவைச் சுரண்டாமல் எண்ணெய் தொட்டு ஊறவைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்து, எண்ணை வாசித்துக் கொடுத்தார் பாய். மேலே மூடும் இரண்டு வளையத்தில் ஒன்று இல்லை, அதை அறிக்கையிலும் எழுதிவிட்டார்.

போலி பற்றிக் கேட்டேன், ஏனென்றால் இந்த நம்பர் 32-க்கே புதிதாகச் செய்த நகல்கள் விற்பனையில் உள்ளன, சோவியத் ராணுவத்தின் பியூ (PU) ஸ்கோப்புக்குக் கேட்கவே வேண்டாம். அவர் பார்ப்பது இதைத்தான்: எழுத்து கையால் அச்சு வைத்து அடித்ததா, இயந்திரத்தில் பொறித்ததா, லேசரா. லேசர் என்றால் எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில், அடியில் கருகிய மாதிரி இருக்கும். நட்சத்திரத் தலைத் திருகு எங்காவது இருந்தால் சந்தேகம். லென்ஸில் விளக்கைக் காட்டினால் பச்சையோ ஊதாவோ மின்னினால் மேற்பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பூச்சை ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் கம்பெனியில் இருந்த ஸ்மாகுலா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்ததே 1935-ல்தான், ஆகவே முதல் உலகப்போர்ச் சாமான் என்று விற்கிற ஒன்றில் பச்சை மின்னினால் விற்பவரை நம்பாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் ராணுவ ஸ்கோப்பில் பெரும்பாலும் கம்பெனிப் பெயர் இருக்காது, மூன்றெழுத்துக் குறிதான், சி.எக்ஸ்.என். என்றால் ராத்தெனோவின் எமில் புஷ், பி.எம்.ஜே. என்றால் வெட்ஸ்லரின் ஹென்சோல்ட், பி.எல்.சி. என்றால் யெனாவின் ஸைஸ்.

ஜப்பானிய ஸ்கோப்பும் இங்கே வீடுகளில் கிடைப்பதுண்டாம். டைப் 97 ரைஃபிளுக்கு உள்ளதில் 2.5 மடங்கு, 10 டிகிரி என்று பொறித்திருக்கும், கண் வைக்கும் இடத்தில் ரப்பர் இருக்கும், அல்லது இருந்து உதிர்ந்திருக்கும். அதில் பிரிட்டிஷ் ஸ்கோப் மாதிரி தூரத் திருகு கிடையாது, தூரக் கணக்கெல்லாம் உள்ளே தெரியும் கோடுகளிலேயே இருக்கிறது. திருகு இல்லையே, உடைந்துபோனதாக்கும் என்று நினைத்துச் சிலர் குப்பையில் போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

மதிப்பீட்டுக்கு 80 வெள்ளி வாங்கினார். வாய்க்கு வந்த ஒரே விலையைச் சொல்லாமல் மூன்றாகப் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்தது. கடைக்காரனுக்கு இன்றே விற்றால் கிடைப்பது, வெளிநாட்டு ஏலத்தில் பொறுமையாக விற்றால் கிடைப்பது, தொலைந்தால் இதே மாதிரி ஒன்றைத் திரும்ப வாங்க ஆகும் செலவு. மூன்றும் வேறு வேறு, காப்பீட்டுக்குக் கடைசியது, சொத்துப் பிரிக்க நடுவிலுள்ளது. ஸ்கோப் மட்டும் என்றால் ஏலத்தில் 1,200-லிருந்து 1,600 வெள்ளி, தாங்கியோடு சேர்த்து 2,000-ஐத் தாண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு ஆதாரமாக ஏலங்களில் நிஜமாக விற்று முடிந்த விலைகளைக் காட்டினார். இணையத்தில் ஆட்கள் கேட்கிற விலையைச் சேர்க்கவே இல்லை, கேட்பது யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா. அவரே வாங்கிக்கொள்வாரா என்று கேட்டதற்கு, மதிப்பீடு செய்த சாமானைத் தான் வாங்குவதில்லை என்று முடித்துவிட்டார். மதிப்பு சொல்கிறவரே வாங்குகிறவராக இருக்கும் கடைகளைத் தவிர்த்துவிடுங்கள், என் அபிப்பிராயத்தில் இது ஒன்றே பெரிய அளவுகோல்.

குறைகளும் இருக்கின்றன. அறிக்கையைக் கையால் எழுதித்தான் தருகிறார், எழுத்து அழகுதான், ஆனால் காப்பீட்டு நிறுவனம் டைப் செய்தது வேண்டும் என்றது, நானே டைப் செய்து கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. போன் எடுக்கவே மாட்டார். அவசரம் என்றால் இந்தக் கடை சரிப்படாது, ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அதோடேயே இருப்பார், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி. கத்தி, வாள், நாணயம் இதெல்லாம் பார்க்க மாட்டார், தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுவார். கார்டு கிடையாது, பேநவ் அல்லது ரொக்கம். கடைக்குள் உட்கார இடமும் இல்லை, வயதானவர்களை அழைத்துப் போனால் சிரமம்.

போகிறவர்கள் சாமானை எந்த நிலையில் கண்டெடுத்தீர்களோ அப்படியே கொண்டுபோங்கள், துடைக்கவோ எண்ணெய் போடவோ வேண்டாம். சுற்றியிருந்த துணி, பெட்டி, பக்கத்தில் கிடந்த திருகு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். போலீஸ் பதிலைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள், போன் திரையில் காட்டினால் அவருக்குக் கண் தெரிவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் கடை திறக்கும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வர மூன்று மணி ஆகிவிடும்.